கிறிஸ்துமஸ் மேசைக்கு முழு ஆட்டுத் தொடை: சமையல் கேள்வி – பதில்

கேள்வி (வாசகி, மார்த்தாண்டம்): ‘ஸ்டஃப்டு லெக் ஆஃப் லாம்ப்’ (எலும்பை எடுத்துவிட்டு உள்ளே மசாலாக் கலவை நிரப்பிய ஆட்டுத் தொடை) என்ற வெளிநாட்டுச் செய்முறைப்படி, 2 கிலோ ஆட்டுத் தொடையை 180 டிகிரி ஓவனில் ஒன்றரை மணி நேரம் வைத்தேன். வெளியே நன்றாகச் சிவந்தது. வெட்டினால் ரப்பர் மாதிரி இழுக்கிறது. எங்கே பிசகியது?

பதில்: பிசகு உங்கள் கையில் இல்லை, ஆடு வேறு. அந்தச் செய்முறை ஒரு வயது நிரம்பாத செம்மறிக் குட்டிக்கு எழுதியது. அதன் சதையில் கொழுப்பு ஊடாடியிருக்கும். உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும்போதே மென்மையாகிவிடும். நம் பக்கத்து இறைச்சிக் கடைகளில் தொங்குவது பெரும்பாலும் வெள்ளாடு. கொழுப்பு குறைவு, சவ்வு அதிகம். இறைச்சியின் நடுப்பகுதி 70 டிகிரியைத் தொடும்போது சதை சுருங்கி நீரை வெளியே தள்ளிவிடும், சவ்வோ இன்னும் இளகியிருக்காது. நீங்கள் இறக்கியது அந்த நேரத்தில்தான். உள்சூடு 85 முதல் 90 டிகிரிக்கு ஏறி, அங்கேயே சற்று நேரம் நின்றால்தான் சவ்வு கரைந்து கறி இளகும்.

ஆகவே 2 கிலோ வெள்ளாட்டுத் தொடைக்கு ஓவன் 160 டிகிரியில் இருக்கட்டும். தட்டில் ஒரு தம்ளர் வெந்நீர் ஊற்றி, அலுமினியத் தாளால் காற்றுப் போகாமல் மூடி, இரண்டரை முதல் மூன்று மணி நேரம் வையுங்கள். தெர்மாமீட்டர் இல்லையென்றால் கம்பியால் குத்திப் பாருங்கள்; தடையில்லாமல் இறங்கினால் வெந்துவிட்டது. பிறகு மூடியைத் திறந்து 210 டிகிரியில் 20 நிமிடம் வைத்தால் நிறம் வந்துவிடும். தேன் தடவுவதானால் கடைசி 10 நிமிடத்தில் மட்டும். ஒரு மேசைக்கரண்டி மார்த்தாண்டம் தேனும் அரை எலுமிச்சையின் சாறும் போதும். முன்னாலேயே தடவினால் தேனிலுள்ள சர்க்கரை கருகிக் கசக்கும்.

கேள்வி (வாசகர், தக்கலை): எலும்பை எடுத்துத் தரச் சொன்னால் கடைக்காரர் தொடையைத் துண்டாக்கிவிடுகிறார். வீட்டிலேயே எடுக்க முடியுமா?

பதில்: முடியும். சிறிய, நல்ல கூரான கத்தி ஒன்று வேண்டும். பின்னந்தொடையை முழுசாகக் கேட்டு வாங்குங்கள். இடுப்பெலும்போடு தந்தால் முதலில் அதைச் சுற்றிச் சதையை விடுவித்து, பந்து மூட்டில் கத்தியைச் செலுத்திக் கழற்றுங்கள். பிறகு தொடையின் உட்புறம் மேலே வருமாறு வையுங்கள். விரலால் அழுத்தினால் தொடையெலும்பு எந்த வழியாக ஓடுகிறது என்று தெரியும். அதன் மேலேயே நேராகக் கீறி, கத்தியின் முனை எலும்பை விட்டு விலகாமல் சுரண்டிக்கொண்டே முட்டி வரை போங்கள். முட்டி மூட்டை அறுத்தால் எலும்பு தனியே வந்துவிடும். எந்த இடத்திலும் வெளிப்பக்கச் சதை ஓட்டையாகக் கூடாது. ஓட்டை விழுந்தால் அதன் வழியேதான் ஸ்டஃபிங் பிதுங்கும்.

ஒன்றை மறக்காதீர்கள். தொடையின் பின்புறம், தசைகளுக்கு நடுவே கொழுப்புக் கட்டி ஒன்று இருக்கும். அதற்குள் கோலிக்குண்டு அளவில் சாம்பல் நிற நிணநீர்க் கணு இருக்கும். அதைக் கொழுப்போடு சேர்த்து எடுத்துப் போடுங்கள், கவிச்சை குறையும். கடைசியாக, கனமான இடங்களில் பக்கவாட்டில் கீறி விரித்து, எல்லா இடமும் ஏறத்தாழ ஓர் அங்குலக் கனம் இருக்கும்படி செய்யுங்கள். மெல்லிசும் கனமுமாக விட்டால் ஒரு பக்கம் காய்ந்து மறுபக்கம் வேகாமல் இருக்கும்.

எலும்பைக் கொடுத்துவிடாதீர்கள். தட்டில் பரப்பி அதன் மேல் தொடையை வைத்தால் அடி பிடிக்காது. கீழே இறங்கும் சாறு நல்ல கிரேவியாகவும் ஆகும்.

கேள்வி (வாசகி, குளச்சல்): நம் ஊர் ருசியில் ஸ்டஃபிங் சொல்லுங்கள். முந்தின இரவே நிரப்பி வைக்கலாமா?

பதில்: 2 கிலோ தொடைக்கு: பொடியாக நறுக்கிய ஆட்டு ஈரல் 150 கிராம், சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) 150 கிராம், ரொட்டித் தூள் 60 கிராம், உடைத்த முந்திரி ஒரு கைப்பிடி, தேங்காய்ப் பல் 2 மேசைக்கரண்டி, இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, இடித்த நல்லமிளகு ஒரு தேக்கரண்டி, பெருஞ்சீரகப் பொடி அரைத் தேக்கரண்டி, கிராம்பு 4, துருவிய ஜாதிக்காய் ஒரு சிட்டிகை, கறிவேப்பிலை, உப்பு, முட்டை 1. நம் கன்னியாகுமரி மாவட்டத்து மலைக் கிராம்புக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் எண்ணெய்ச் சத்து மிகுதி என்பதால் 4-க்கு மேல் போட வேண்டாம், மற்ற மணத்தையெல்லாம் அடக்கிவிடும்.

தேங்காயெண்ணெயில் தேங்காய்ப் பல்லைச் சிவக்க விட்டு, உள்ளி வதக்கி, மசாலா சேர்த்து, ஈரலை 2 நிமிடம் மட்டும் புரட்டி இறக்குங்கள். முழுதாக ஆறிய பிறகு ரொட்டித் தூளும் முட்டையும் சேர்க்க வேண்டும். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், நீர் கசியக் கூடாது.

இரவே நிரப்பி வைக்காதீர்கள். ஈரலும் முட்டையும் சேர்ந்த கலவை பச்சை இறைச்சிக்குள் இரவு முழுக்க இருப்பது நல்லதல்ல. தொடையில் 3 தேக்கரண்டி தூளுப்பு, தயிர், மிளகாய்ப்பொடி, மஞ்சள் தடவி, ஃபிரிட்ஜில் 8 மணி நேரம் வையுங்கள். ஸ்டஃபிங்கைத் தனியே ஃபிரிட்ஜில் வைத்து, அடுப்பில் ஏற்றும்போது நிரப்புங்கள். பப்பாளிக்காய் விழுது போடுபவர்கள் கடைசி ஒரு மணி நேரத்தில் மட்டும் தடவுங்கள். இரவெல்லாம் கிடந்தால் மேல்சதை கொழகொழவென்று ஆகும்.

கேள்வி (வாசகி, நாகர்கோவில்): எந்த நூலால் கட்டுவது?

பதில்: தடித்த வெள்ளைப் பருத்தி நூல். நைலான் உருகும். பூக்கட்டும் வாழைநார் சூட்டில் காய்ந்து அறுந்துவிடும். ஓரங்களில் ஓர் அங்குலம் விட்டு ஸ்டஃபிங்கைப் பரப்பி, சுருட்டி, இரண்டு விரல் இடைவெளியில் தனித்தனி முடிச்சாகப் போடுங்கள். இறுக்கிக் கட்டினால் வேகும்போது ஸ்டஃபிங் உப்பி வெடித்து வெளியே வரும். சதை அமுங்காமல் நூல் உட்கார்ந்தால் போதும்.

கேள்வி (வாசகர், குலசேகரம்): வீட்டில் ஓவன் இல்லை.

பதில்: கனமான உருளி போதும். தேங்காயெண்ணெயில் தொடையை எல்லாப் பக்கமும் 10 நிமிடம் சிவக்க விட்டு, எலும்பையும் இரண்டு தம்ளர் வெந்நீரையும் சேர்த்து மூடி, சிறு தீயில் இரண்டரை மணி நேரம் வையுங்கள். அரை மணிக்கு ஒரு முறை திருப்பி, நீர் குறைந்தால் வெந்நீர் ஊற்றுங்கள். வெந்ததும் நீரை வடித்துவிட்டு, கனமான தட்டையான மூடியின் மேல் சிரட்டைக் கனலைப் பரப்பி 15 நிமிடம் விட்டால் மேல்பக்கம் முறுகும். வடித்த நீரை வற்ற வைத்தால் அதுவே கிரேவி.

கேள்வி (வாசகி, கருங்கல்): வெட்டும்போது உதிர்ந்து போகிறது.

பதில்: சூட்டோடு வெட்டுகிறீர்கள். இறக்கியதும் 20 நிமிடம் லேசாக மூடி வையுங்கள். சாறு உள்ளே தங்கி, ஸ்டஃபிங் இறுகும். நூல்களை மொத்தமாக அவிழ்க்காமல், ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு நூலாக எடுத்து, ரொட்டி வெட்டும் பல் கத்தியால் சுருளுக்குக் குறுக்கே அரை அங்குலத் துண்டுகளாக அறுங்கள். அழுத்தாமல் அறுக்க வேண்டும்.