ஒன்பதால் வகுபடும் பிழை

அன்புள்ள ஐயா,

தணிக்கை அலுவலகம் ஒன்றில் 2 ஆண்டுகளாக உதவியாளராக இருக்கிறேன். வரவு செலவுக்குச் சான்றான வவுச்சர்களைச் சரிபார்ப்பதும், வங்கி அறிக்கையை ரொக்க ஏட்டோடு ஒப்பிடுவதும்தான் இன்றுவரை எனக்குத் தரப்படும் வேலை. என்னோடு படித்தவர்கள் ஆலோசகர்கள் ஆகிவிட்டார்கள். பொறுமையாக இரு என்று எல்லோரும் சொல்கிறார்கள். பொறுமை என்பது வாய்ப்புக் கிடைக்காதவர்களுக்குச் சொல்லும் ஆறுதல்தானா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

பல இடங்களில் அது வெறும் ஆறுதல்தான். அதில் உங்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் நீங்கள் சலித்துக்கொள்ளும் அதே வேலையை, எழுத வருவதற்கு முன் நானும் சில காலம் செய்திருக்கிறேன்.

ஒரு மாதம் கணக்கு உதைத்தது, 360 வித்தியாசம். மதியம் முழுவதும் அந்தத் தொகைக்கு ஒரு வவுச்சரைத் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையிலிருந்த மூத்த கணக்காளர் எட்டிப் பார்த்து, "ஒன்பதால் வகுபடுகிறதே, இலக்கம் இடம் மாறியிருக்கும், பாருங்கள்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார். 5,840 என்பதை 5,480 என்று ஏட்டில் ஏற்றியிருந்தேன். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபடும் என்பது பள்ளிக் கணக்குதான் என்றாலும், பிழையைப் பார்த்ததுமே அது பிறந்த இடத்தைச் சொல்லும் கண், சின்னக் கணக்குகளை நூற்றுக்கணக்கில் முடித்தவருக்கே வாய்க்கிறது. சிறிய வேலையில் செய்த தவறு எங்கே நேர்ந்தது என்று அன்று மாலைக்குள் பிடிபட்டுவிடும். பெரிய வேலையிலோ பத்துப் பேருடைய தவறுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, எது நம்முடையது என்றே தெரியாமல் போகும்.

ஆங்கிலேய அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே 1813இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்தது, பிறருடைய சொற்பொழிவுகளுக்குக் கருவிகளை எடுத்துவைத்துத் துணைநிற்கும் உதவியாளராகத்தான். அதற்கு முன் 7 ஆண்டுகள் புத்தகம் பைண்டு செய்யும் தொழில் பயின்றவர். 1825இல் பென்சீன் என்ற வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார். காந்தப்புலம் மாறும்போது கம்பியில் மின்சாரம் பிறக்கும் என்ற மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தது 1831இல், வேலைக்குச் சேர்ந்து 18 ஆண்டுகள் கழித்து. அந்தச் சோதனைக்கான இரும்பு வளையத்தில் கம்பிச் சுற்றுகள் ஒன்றையொன்று தொடாதபடி காத்தவை நூலும் துணியும். புத்தகம் தைத்துப் பழகிய கைக்கு அது எளிதாக வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஓர் ஆசை. தைக்கும் நூலுக்கும் படிக்கும் நூலுக்கும் தமிழில் ஒரே சொல் இருப்பதும் அந்த ஆசைக்கு ஒரு காரணம்.

இதையெல்லாம் சொல்லி உங்களை அந்த நாற்காலியிலேயே உட்காரவைக்க நான் முயலவில்லை. ஆறு மாதத்துக்கு முன் உங்களைத் திணறடித்த கணக்கு இன்று கைக்கு அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்குகிறது என்றால் அந்த வேலை உங்களுக்கு இன்னும் கூலி தந்துகொண்டிருக்கிறது. என்ன மாறியது என்றே சொல்ல முடியவில்லை என்றால், உங்கள் பொறுமையில் லாபம் பார்ப்பது வேறு யாரோ; அங்கிருந்து கிளம்புவதை அவசரம் என்று நான் சொல்லமாட்டேன்.

அதற்கு முன், ஒரே ஒரு சிறிய வாடிக்கையாளரின் வங்கிச் சரிகட்டும் பட்டியலை, அதாவது வங்கி அறிக்கைக்கும் ரொக்க ஏட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கும் பட்டியலை, நீங்களே தொடங்கி, நீங்களே முடித்து, கேள்வி வந்தால் நீங்களே பதில் சொல்வதாக மேலதிகாரியிடம் கேட்டுப் பாருங்கள். அவர் மறுத்தால், என்ன காரணம் சொன்னார் என்பதையும் எனக்கு எழுதுங்கள்.