சேபர் வாள்வீச்சில் 120, 170 என்கிறார்களே, என்ன அது?

காரைக்குடியில் மகள் சேபர் பழகுகிறாள், வாள் பட்டால் விளக்கு எரியும் பழைய ஸ்கோரிங் பாக்ஸ் 120இல் இருக்கிறது, மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றுங்கள்.

அது மில்லிசெகண்ட் கணக்கு. ஒருவர் வாள் பட்டதும், எதிராளி திருப்பி அடிக்கக் கிடைக்கும் நேரம். அது தாண்டினால் அவர் விளக்கு எரியாது. முன்பு 300க்கும் மேல் இருந்தது. 2005 வாக்கில் 120 ஆக்கினார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்ஸுக்குப் பிறகு 170.

50 மில்லிசெகண்ட் கண் இமைக்கும் நேரம்கூட இல்லைதான். ஆனால் மகள் அழகாகத் தடுத்துவிட்டுத் திருப்பி அடிக்கிறாள், அதற்குள் எதிராளி கையை எடுக்காமல் இன்னொரு தட்டு தட்டிவிட்டாள் என்று வையுங்கள். 120இல் மகளின் விளக்கு எரியாமலே போகலாம். 170இல் இரண்டும் எரியும். இரண்டும் எரிந்தால் யார் அடி செல்லும், அதாவது முன்னுரிமை யாருக்கு என்று நடுவர் சொல்வார். தடுத்துத் திருப்பி அடித்ததால் புள்ளி மகளுக்கு. பழைய பெட்டியில் பழகினால் தடுத்தாடும் துணிச்சலே போய்விடும்.

ஃபாயில், எப்பே என்ற மற்ற இரண்டு வாள் வகைகளுக்கும் கணக்கு வேறு. எப்பேயில் முன்னுரிமையே கிடையாது, 40 மில்லிசெகண்டுக்குள் இருவரும் குத்தினால் இருவருக்கும் புள்ளி.

அப்புறம், வீட்டு வளவில் ஆத்தங்குடித் தரைக்கல் மேல் பழக விடாதீர்கள். வழுக்கும்.