மைசூர்பாகு படத்தில் இருப்பதுபோல் கூடு கூடாக வராதது ஏன்?

கேள்வி: குறிப்பில் சொன்ன அளவுதான் போடுகிறேன். படத்தில் ஓட்டை ஓட்டையாக, நடுவில் சிவந்திருக்கிறது. எனக்கு ஒன்று கல்லாகிறது, இல்லையென்றால் அல்வாவாகிறது. ஏன்?

முதலில் குறிப்பும் படமும் ஒரே பண்டம்தானா என்று பாருங்கள். வாயில் கரையும் வழவழப்பான நெய் மைசூர்பா வேறு, கூடு விட்ட பழைய மைசூர்பாகு வேறு. மாவை நெய்யில் கரைத்துப் பாகில் ஊற்றி, சிறுதீயில் கிளறச் சொன்னால் அது முதல் வகை. அதில் எத்தனை முறை செய்தாலும் ஓட்டை விழாது.

கூடு விட்டதற்கு: கடலை மாவு 1 கப், சர்க்கரை 2 கப், நெய் 2 கப் (பாதி கடலெண்ணெய் சேர்க்கலாம்), தண்ணீர் அரை கப். மாவைக் கட்டாயம் சலிக்கவும். பஜ்ஜி மாவு பாக்கெட் வேண்டாம், அதில் அரிசி மாவும் உப்பும் இருக்கும்.

சர்க்கரையைத் தண்ணீர் விட்டுக் கொதிக்கவிடுங்கள். பாகை விரல்களுக்கிடையே இழுத்தால் ஒரு கம்பியாக நீளும் ஒரு கம்பிப் பதம் வந்ததும் மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கட்டியில்லாமல் கிளறுங்கள். பதம் தாண்டிய பாகுதான் கல்லாவதற்கு முதல் காரணம். கம்பி வராமலே மாவைக் கொட்டினால் அல்வா.

ஓட்டை விழுவது நெய்யின் சூட்டால்தான், பலரும் கோட்டை விடுவதும் அங்கேதான். பக்கத்து அடுப்பில் நெய் காய்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு சிட்டிகை மாவு போட்டால் உடனே பொரிந்து மேலே வர வேண்டும். அந்தச் சூட்டில் ஒரு கரண்டி ஊற்றினால் கலவை சுர்ரென்று பொங்கும்: பாகிலுள்ள தண்ணீர் சட்டென ஆவியாகி மாவைத் துளைத்துக்கொண்டு வருகிறது. ஆறிய நெய்யை ஊற்றினால் மாவு அதைக் குடித்துவிட்டுச் சும்மா இருக்கும். ஒரு கரண்டி உள்ளே இழுத்த பிறகே அடுத்தது. முழுக் கை மூடிய உடையும் நீளக் காம்புக் கரண்டியும் நல்லது, தெறிக்கும்.

கலவை ஓரம் விட்டு, நுரைத்து, நெய் கக்கத் தொடங்கியதும் கடைசிக் கரண்டி நெய்யை விட்டு, நுரை அடங்குமுன் டப்பாவில் கொட்டிவிட வேண்டும். சில விநாடி தாமதித்தாலும் வாணலியிலேயே பொடியாகிவிடும். கொட்டிய பின் கரண்டியால் அமுக்கிச் சமப்படுத்தாதீர்கள், ஓட்டை மூடிப்போகும். டப்பாவை லேசாகத் தட்டுவதும் வேண்டாம்.

நடுச் சிவப்புக்குத் தனி மாவோ வண்ணமோ கிடையாது. கனமான கட்டியின் நடுவில் சூடு தங்குவதால் அங்கே மட்டும் மாவும் சர்க்கரையும் மேலும் வெந்து சிவக்கின்றன. ஒரு கப் மாவுக் கலவையை அகலத் தாம்பாளத்தில் ஊற்றினால் விரல் தடிமன்தான் வரும். உடனே ஆறிவிடும், ஒரே மஞ்சளாக நிற்கும். சுமார் 12 செ.மீ. சதுரமுள்ள ஆழமான எவர்சில்வர் டப்பா போதும். ஃபேனுக்கு அடியிலும் வைக்காதீர்கள்.

ஐந்து நிமிடத்தில் கோடு போடுங்கள், முழுக்க ஆறினால் உடையும். பிறகு டப்பாவைச் சாய்த்து வைத்தால் மிச்ச நெய் ஓரத்தில் வடியும்.

கல்லாகிவிட்டால் பொடித்து, அரை கப் பாலும் ஒரு கரண்டி நெய்யும் விட்டுச் சிறுதீயில் சுருளக் கிளறினால் பர்ஃபி ஆகும். பால் சேர்ந்ததால் இரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள்.