எந்த மதில் சரிந்தது? பூஞ்சைத் தொற்று: வாசகர் கேள்வி - பதில்

பூஞ்சைத் தொற்று பற்றி வந்த கடிதங்கள் பலவற்றிலும் ஒரே கேள்விதான்: “எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு இது சகஜமா?” ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் சொல்லிவிட முடியாது. கோட்டைக்கு மதில்கள் பல. எந்த மதில் சரிந்ததோ அதைப் பொறுத்துத்தான் எந்தப் பூஞ்சை நுழையும், எத்தனை பேருக்கு நுழையும் என்பது. ஒவ்வொரு கடிதமாகப் பார்ப்போம்.

என் தம்பிக்கு எச்.ஐ.வி. சி.டி.4 எண்ணிக்கை 64. ஏ.ஆர்.டி. என்ற எச்.ஐ.வி. மாத்திரை தொடங்கும் முன் பூஞ்சைக்கு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்கிறார்கள். அவனுக்குத் தலைவலிகூட இல்லையே, இது தேவையா?
- வாசகி, தேனி

கட்டாயம் தேவை. தலைவலி இல்லாத இந்த நேரம்தான் அதற்குச் சரியான நேரம்.

சி.டி.4 அணுக்கள்தான் மற்ற வெள்ளணுக்களை ஏவிவிடுபவை. அவை 100க்குக் கீழே இறங்கிவிட்டால், மூச்சோடு நுரையீரலுக்குள் போகும் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையைத் தடுக்க ஆளில்லை. அது ரத்தத்தில் கலந்து மூளையுறை வரை போய்விடும். 2014ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டில், சி.டி.4 100க்குக் கீழ் இருந்தவர்களில் சுமார் 6% பேரின் ரத்தத்தில் இதன் ஆன்டிஜென், அதாவது பூஞ்சையிலிருந்து உதிரும் துணுக்கு, இருந்தது. அதாவது பதினேழு பேரில் ஒருவர். 2020ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு, இந்த மூளையுறை அழற்சி வந்தவர்கள் 1,52,000 பேர், இறந்தவர்கள் 1,12,000 பேர் என்கிறது. எய்ட்ஸ் சாவுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. ஆனால் சி.டி.4 500 உள்ள ஒருவருக்கு இது மிக அபூர்வம். ஆகவே “எச்.ஐ.வி. இருக்கிறதா” என்று கேட்பதில் பெரிய பயனில்லை, “சி.டி.4 எத்தனை” என்றுதான் கேட்க வேண்டும்.

ஆன்டிஜென், தலைவலி தொடங்குவதற்கு வாரக்கணக்கில் முன்பே ரத்தத்தில் தென்பட்டுவிடும். ஒரு துளி ரத்தமும் ஒரு காகிதப் பட்டையும் போதும், 10 நிமிடத்தில் முடிவு தெரியும். ஏ.ஆர்.டி.க்கு முன்பே பார்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. மூளையுறையில் பூஞ்சை ஒளிந்திருக்கும்போது மாத்திரையைத் தொடங்கினால், திடீரென்று விழித்தெழும் எதிர்ப்பு சக்தி அங்கே போர் தொடுத்து, மூளைக்குள் அழுத்தத்தை ஏற்றிவிடும். அதனால்தான் மூளையுறை அழற்சி உறுதியானவர்களுக்கு ஏ.ஆர்.டி.யை 4 முதல் 6 வாரம் தள்ளி வைக்கிறார்கள்.

பட்டை பாசிட்டிவ் என்று காட்டினால், அறிகுறி இல்லாவிட்டாலும் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்ப்பார்கள். “அப்படி எடுத்தால் கால் விளங்காமல் போகும்” என்று மறுத்துவிடும் குடும்பங்கள் அதிகம். தண்டுவடம் இடுப்புப் பகுதி முதுகெலும்பின் முதல் அல்லது இரண்டாம் கண்ணியிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்கும் கீழே இறங்குகிறது. நீரில் பூஞ்சை இல்லையென்றால் ஃப்ளூகோனசோல் மாத்திரையோடு தப்பிக்கலாம். இருந்தால், 2022இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த முறை இது: முதல் நாள் லைப்போசோமல் ஆம்போடெரிசின் கிலோவுக்கு 10 மி.கி. ஒரே தவணையாக, கூடவே 14 நாள் ஃப்ளூசைட்டோசினும், தினம் 1200 மி.கி. ஃப்ளூகோனசோலும். நீரின் அழுத்தம் 25 செ.மீ.க்கு மேல் இருந்தால் மறுபடி மறுபடி நீரை வடிக்க வேண்டியிருக்கும். பிழைக்க வைப்பதில் மருந்துக்குச் சமமான பங்கு இதற்கு உண்டு. பிறகு எட்டு வாரம் ஃப்ளூகோனசோல் தினம் 800 மி.கி., அதன் பின் பராமரிப்பு அளவாக தினம் 200 மி.கி., குறைந்தது ஓராண்டு. தலைவலி போனதும் மாத்திரையை நிறுத்துவதுதான் நோய் திரும்பி வரும் வழி.

இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. புறா எச்சம் கலந்த மண்ணில் வாழும் பூஞ்சை இது. பால்கனியில் காய்ந்து கிடக்கும் எச்சத்தைத் தம்பி பெருக்க வேண்டாம். வேறு யாராவது தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு அள்ளட்டும்.

ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்கிறேன். நாக்கில் வெள்ளையாகப் படிகிறது. உடம்பு முழுக்க எதிர்ப்பு சக்தி போய்விட்டதா?
- வாசகர், நாகர்கோவில்

இல்லை. மருந்து படிந்த இடத்தில் மட்டும் காவல் தளர்ந்திருக்கிறது, வந்திருப்பது கேண்டிடா என்ற பூஞ்சை. ஸ்பேசர் குழாய் வைத்து இழுங்கள். ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், விழுங்காதீர்கள். இன்ஹேலரை நீங்களாக நிறுத்த வேண்டாம். விழுங்கும்போது நெஞ்சு வலித்தால் உணவுக்குழாய்க்கும் இறங்கியிருக்கலாம், அப்போது மாத்திரை தேவைப்படும்.

அம்மாவுக்கு மூன்று மாதச் சர்க்கரை அளவு 11. கொரோனா காலத்தில் பேசிய கறுப்புப் பூஞ்சை இப்போதும் வருமா?
- வாசகர், ஈரோடு

வரும். கொரோனாவுக்கு முன்பும் வந்துகொண்டுதான் இருந்தது. 2021இல் ஜூலைக்குள் நாட்டில் 45,000க்கு மேற்பட்டோருக்கு வந்து, 4,300க்கு மேல் இறந்தபோதுதான் பெயர் வெளியே தெரிந்தது. அதற்கு முன்பே இந்தியாவில் லட்சத்துக்கு 14 பேர் என்று ஒரு மதிப்பீடு உண்டு. உலகின் பல நாடுகளோடு ஒப்பிட்டால் இது மிக அதிகம். கட்டுப்படாத சர்க்கரைதான் முதல் காரணம். பெயரும் தவறு: ம்யூக்கர் பூஞ்சைக்குக் கறுப்பு நிறமே கிடையாது. அது ரத்தக் குழாயைத் துளைத்து அடைத்துவிடுவதால் சதை செத்துக் கறுக்கிறது.

சர்க்கரையில் என்ன ஈர்ப்பு? ரத்தத்தில் இரும்புச்சத்து ஒரு புரதத்தோடு கட்டுண்டு கிடக்கும். சர்க்கரை கட்டுமீறி, கீட்டோன் சேர்ந்து ரத்தம் அமிலமாகும்போது அந்தக் கட்டு அவிழ்கிறது. அவிழ்ந்த இரும்பு இந்தப் பூஞ்சைக்கு விருந்து. அதே நேரம் பூஞ்சையை விழுங்க வேண்டிய வெள்ளணுக்களும் மந்தமாகிவிடுகின்றன. மேலே ஸ்டீராய்டும் ஏறினால் இரட்டை அடி.

ஆகவே முகக்கவசத்தைவிட குளுக்கோமீட்டர்தான் அம்மாவுக்குக் காவல். காய்ச்சல் வந்து சாப்பிடாமல் கிடந்தாலும் இன்சுலினை அடியோடு நிறுத்தக் கூடாது. டாபாகிளிஃப்ளோசின் வகை சர்க்கரை மாத்திரை எடுப்பவரானால், வாந்தியோ பட்டினியோ உள்ள நாளில் அதை நிறுத்தலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். அந்த வகையில் சர்க்கரை பெரிதாக ஏறாமலே கீட்டோன் ஏறக்கூடும்.

ஒரு பக்கம் மட்டும் கன்னம் மரத்துப்போவது, மேல்வரிசைப் பல் திடீரென ஆடுவது, மூக்கிலிருந்து பழுப்பாகவோ கறுப்பாகவோ வடிவது, ஒரு கண் வீங்குவது, எதுவும் இரண்டிரண்டாகத் தெரிவது, டார்ச் அடித்துப் பார்த்தால் அண்ணத்தில் கறுப்புத் திட்டு இருப்பது: இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். குழாய்க் கருவியால் மூக்குக்குள் பார்த்து, துளி சதை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், தடுப்புச் சுவர் இல்லாத அகன்ற நாடாக்கள் போன்ற இழைகள் அன்றே தெரிந்துவிடும். பூஞ்சைக்கென்று பொதுவாகச் செய்யும் ரத்தப் பரிசோதனைகளில் இது சிக்காது; அவை நெகட்டிவ் என்பதால் நிம்மதி அடைய வேண்டாம்.

மருந்து லைப்போசோமல் ஆம்போடெரிசின், கிலோவுக்கு தினம் 5 மி.கி. எடை 60 கிலோ என்றால் 300 மி.கி., அதாவது 50 மி.கி. குப்பி ஆறு. இதை உப்பு நீரில் கலந்தால் படிந்துவிடும், 5% குளுக்கோஸில்தான் கலக்க வேண்டும். “சர்க்கரை நோயாளிக்குக் குளுக்கோஸா?” என்று வார்டில் சண்டை போடாதீர்கள். இன்சுலினைக் கூட்டிச் சரிசெய்துகொள்வார்கள். பொட்டாசியம் இறங்குகிறதா, சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறுகிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். செத்த சதைக்கு ரத்த ஓட்டமில்லை, மருந்து அங்கே போய்ச் சேராது. ஆகவே அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. மற்ற பூஞ்சைகளுக்குப் பேர்போன வோரிகோனசோல் இதன் மேல் வேலை செய்யாது.

சிறுநீரக மாற்று செய்து எட்டு மாதம். நுரையீரலில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை என்று வோரிகோனசோல் எழுதினார்கள். அதே நாளில், மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் காக்கும் டாக்ரோலிமஸ் அளவை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டார்கள். சிறுநீரகம் போய்விடாதா?
- வாசகர், திருச்சி

குறைக்காமல் விட்டிருந்தால்தான் ஆபத்து. டாக்ரோலிமஸைக் கல்லீரலில் எந்த நொதி கரைக்கிறதோ, அதையே வோரிகோனசோல் முடக்குகிறது. பழைய அளவிலேயே தொடர்ந்தால் ரத்தத்தில் மருந்து தேங்கி, கை நடுங்கி, சிறுநீரகம் கெடும். டாக்ரோலிமஸ் அளவு பார்க்க ரத்தம் கொடுக்கும் நாளில் காலை டாக்ரோலிமஸ் மாத்திரையைப் போடாமல் போங்கள்; போட்டுவிட்டுப் போனால் எண் பொய் சொல்லும். பலர் கோட்டைவிடுவது கடைசியில்: பூஞ்சை மருந்தை நிறுத்தியதும் நொதி மீண்டும் வேலைக்கு வந்துவிடும், டாக்ரோலிமஸ் சரியும், உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கத் தொடங்கும். நிறுத்தும் தேதியை மாற்று மையத்துக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். பம்பளிமாஸ் பழமும் இதே நொதியில் கைவைக்கும், தவிர்த்துவிடுங்கள்.

கணவருக்குத் தொடையிடுக்கில் படர்தாமரை, இரண்டு வருடமாகப் போய்ப் போய் வருகிறது. எதிர்ப்பு சக்திக்குச் சத்து மாத்திரை கொடுக்கலாமா?
- வாசகி, கும்பகோணம்

ஒருமுறை சர்க்கரை பார்த்துவிடுங்கள். சரியாக இருந்தால் சத்து மாத்திரைக்கு வேலையில்லை. அவர் பூசும் களிம்பின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் எதிரி அதுதான். ஸ்டீராய்டு அரிப்பை இரண்டே நாளில் அடக்கும், பூஞ்சை சத்தமில்லாமல் பரவும். போதாக்குறைக்கு, வழக்கமான பூஞ்சை மருந்தான டெர்பினாஃபினுக்கு மசியாத ஒரு வகை இப்போது இந்தியாவில் பரவலாக இருக்கிறது.

ஸ்டீராய்டு இல்லாத களிம்பை, திட்டின் விளிம்பைத் தாண்டி 2 செ.மீ. வரை பூச வேண்டும். தோல் தெளிந்த பிறகும் இரண்டு வாரம் விடக் கூடாது. துண்டு தனி, உள்ளாடை வெயிலில் காய வேண்டும். வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் அவர்களுக்கும் சேர்த்தே வைத்தியம். தோல் மருத்துவர் இட்ராகோனசோல் கேப்சூல் எழுதினால் வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு விழுங்கச் சொல்லுங்கள். அது கரைய இரைப்பையில் அமிலம் வேண்டும். அல்சருக்கு பான்டோபிரசோல் போடுகிறார் என்றாலோ, இதயம் பலவீனம் என்றாலோ அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். முன்னதில் கேப்சூல் சரியாகச் சேராது, பின்னதில் கொடுக்கவே கூடாது.