மூன்று முறை குத்தியும் ஏன் வரவில்லை?

கேள்வி: என் அப்பாவுக்கு 72 வயது. மூளைக்காய்ச்சல் சந்தேகம் என்று முதுகுத்தண்டில் நீர் எடுக்க மூன்று முறை குத்தியும் வரவில்லை. மருந்தை மட்டும் உடனே ஏற்றிவிட்டார்கள். மறுநாள் வேறு டாக்டர் ஒரே குத்தில் எடுத்தார். முதல் டாக்டருக்குத் தெரியவில்லையா? கால் விளங்காமல் போய்விடுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாதும்மா. கைப்பழக்கம் முக்கியம்தான், ஆனால் பாதி வேலை நோயாளி படுத்திருக்கும் விதத்தில் இருக்கிறது. முழங்கால் வயிற்றோடு ஒட்டி, தாடை நெஞ்சில் பட்டு, முதுகு வில்லாக வளைந்தால்தான் எலும்புகளுக்கு நடுவே இடைவெளி விரியும். வயதானவர்களுக்கு அந்த இடைவெளியே குறுகியிருக்கும். காய்ச்சலில் புரண்டுகொண்டே இருந்தால் இன்னும் சிரமம்.

என்னிடம் வந்த ஒரு பெரியவருக்கு இரண்டு முறையும் ஊசி எலும்பில் இடித்தது. எங்கள் நர்ஸ் அவரை உட்காரவைத்து, மடியில் தலையணையைக் கொடுத்து, "கட்டிப்பிடிச்சுக் குனிங்க ஐயா" என்றார். அப்புறம் ஊசி சட்டென்று இளகி உள்ளே போனது, நீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. உடல் பருமனாக இருந்தால் எலும்பு விரலுக்குத் தட்டுப்படாது. அல்ட்ராசவுண்டில் பார்த்து இடத்தைக் குறித்துக்கொள்வது நல்லது.

மருந்தைத் தள்ளிப்போடாமல் ஏற்றினார்களே, அது மிகச் சரி.

கால் பற்றிப் பயம் வேண்டாம். பெரியவர்களுக்குத் தண்டுவடம் பொதுவாக இடுப்பின் முதல் இரண்டு முள்ளெலும்புகள் அளவிலேயே முடிந்துவிடும். ஊசி போடுவது அதற்கும் கீழே. சிலருக்குத் தலைவலி வரும், எழுந்தால் கூடும், படுத்தால் குறையும். கால் மரத்துப்போனாலோ சிறுநீர் பிரியாவிட்டாலோ மட்டும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.