பால், நெய் இல்லாமல் கிழங்கு மசியல்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் வீகன் உணவுக்கு மாறிவிட்டாள். பால், தயிர், வெண்ணெய், நெய் எதையும் தொடுவதில்லை. சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளக் கிழங்கை மசித்துக் கொடுக்கலாம் என்று பார்த்தால், உருளைக்கிழங்கு மிக்ஸியில் பசையாகிவிடுகிறது. கருணைக்கிழங்கு தொண்டையை அரிக்கிறது. நெய் இல்லாமல் ருசியும் வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் நெய்யைப் பற்றிய கவலையை விடுங்கள். நம் கருணைக்கிழங்கு மசியல் புளியிலும் நல்லெண்ணெயிலும் நிற்கிற பண்டம். மரவள்ளிக்கிழங்கை வேகவைத்து உடைத்துச் செய்யும் கேரளத்துக் கப்பைப் புழுக்குக்குத் தேங்காயும் தேங்காயெண்ணெயும் போதும். இரண்டிலும் பாலுக்கு வேலையே இல்லை. உங்கள் மகளுக்காகப் புதிதாக ஒரு சமையலைக் கற்க வேண்டியதில்லை.

அரிப்புக்கு வருவோம். கருணை, சேனை இரண்டிலும் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு, கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியாக இருக்கிறது. அது குத்துவதால்தான் நாக்கும் தொண்டையும் அரிக்கின்றன. புதிதாகத் தோண்டிய கிழங்கில் அரிப்பு அதிகம் என்பதால், வாங்கியதும் சமைக்காமல் காற்றாடச் சில நாள் போட்டு வைப்பது நம் பக்கத்து வழக்கம். நறுக்குமுன் கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. அரிப்புக்குப் பயந்து, நறுக்கிய துண்டுகளை முதலிலேயே புளித்தண்ணீரில் போட்டு வேகவிடுகிறார்கள். புளிப்புப் பட்டால் கிழங்கு சீக்கிரம் குழையாது. வெளியே வெந்த மாதிரி தெரியும், நடுவில் விறைப்பு இருக்கும். அந்த அரைவேக்காடுதான் தொண்டையைப் பிடிக்கிறது. முதலில் வெறும் தண்ணீரில் நன்றாகக் குழைய வேகட்டும், புளி அப்புறம்.

மசியலுக்குச் சிறிய பிடிகருணைதான் என் தேர்வு. வெண்ணெய் போல் மசியும். கால் கிலோ கிழங்கை மண் போகக் கழுவி, தோலோடு குக்கரில் நான்கைந்து விசில் விடுங்கள். தோல் உரித்துச் சூட்டோடு மசியுங்கள். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, மஞ்சள்தூள், உப்பு, கீறிய பச்சை மிளகாய் மூன்று, பொடியாக நறுக்கிய இஞ்சி சேர்த்துப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டு, மசித்த கிழங்கைக் கலந்து கெட்டியாகும்வரை கிளறுங்கள். மூன்று தேக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். எண்ணெயில் சிக்கனம் பார்க்க வேண்டாம். நெய் செய்யும் வேலையை இங்கே அதுதான் செய்கிறது. சிறுநீரகக் கல் தொந்தரவு உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், மருத்துவரைக் கேட்டுவிட்டு அவர்களுக்குப் பரிமாறுங்கள்.

உருளைக்கிழங்குக்கு மிக்ஸியே ஆகாது. பிளேடு சுற்றும் வேகத்தில் கிழங்குக்குள் இருக்கும் மாவுச்சத்து சிதைந்து வெளியேறிப் பசையாகிவிடும். வெந்ததும் தண்ணீரை வடித்து, அதே சட்டியில் ஒரு நிமிடம் பிரட்டி ஈரத்தைப் போக்கி, ஆறுவதற்குள் மத்தால் மசியுங்கள். மூன்று கிழங்குக்குக் கால் கப் கெட்டித் தேங்காய்ப்பால் போதும். அடுப்பை அணைத்த பிறகு ஊற்றுங்கள், கொதித்தால் திரிந்துவிடும். கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய் தாளித்து எலுமிச்சை பிழிந்தால் மகள் பாலைத் தேட மாட்டாள். வெண்ணெய்க்குப் பதிலாகக் கடையில் மார்ஜரின் வாங்குவதாக இருந்தால் லேபிளைப் படியுங்கள். சிலவற்றில் பால் பொருள் இருக்கும். ஏற்கெனவே பசையாகிவிட்டதைத் திருப்ப முடியாது. அரிசி மாவு, வெங்காயம் சேர்த்துத் தட்டிக் கல்லில் சுட்டுவிடுங்கள்.

மரவள்ளி கிடைத்தால் கப்பைப் புழுக்கு செய்து பாருங்கள். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் முனைந்து பரப்பிய கிழங்கு இது. மரவள்ளியில் சயனைடை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. அதனால் மேல்தோலோடு அடியில் உள்ள கெட்டித் தோலையும் சேர்த்துச் சீவி, திறந்த பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இதில் மட்டும் அவசரம் கூடாது. நடு நரம்பை எடுத்துவிட்டு, அரை மூடித் தேங்காய், சீரகம், பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், மஞ்சள் சேர்த்துக் கரகரப்பாக அரைத்ததைப் போட்டு ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். பிறகு கரண்டிக் காம்பால் குத்தி உடைத்து, பச்சைத் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும் சேருங்கள். அங்கங்கே கட்டி இருந்தால்தான் அழகு.

சர்க்கரைவள்ளியின் இனிப்புக்கு வரமிளகாயும் எலுமிச்சையும் ஈடுகொடுக்கும். கேரட், பீட்ரூட்டைத் தனியாக மசித்தால் தண்ணீராக நிற்கும். ஓர் உருளைக்கிழங்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேங்காயும் தேங்காய்ப்பாலும் சேர்த்தவற்றை அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும். கருணை மசியலை ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் சூடுபடுத்தலாம். புளி ஊறி இன்னும் நன்றாக இருக்கும்.