வேலூர் வெயில்ல ஸ்ட்ராபெரி: குளிர்காலத்துக்கு என்ன பண்ணணும்? கேள்வி பதில்

சத்துவாச்சாரிலேர்ந்து: அண்ணா, யூடியூப்ல செடிய வைக்கோல் போட்டு முழுசா மூடுறாங்க, நானும் மூடணுமா?

பதில்: வேணாம்மா. அது கனடா, அமெரிக்கா மாதிரி மைனஸ்ல போற ஊருக்கு. அங்க மண்ணு உறைஞ்சு உருகி உறைஞ்சு செடிய வேரோட மேல தள்ளிடும், அதுக்காக மூடுறாங்க. நமக்கு மார்கழி ராத்திரிலயே 17, 18 டிகிரி தான், ஸ்ட்ராபெரிக்கு அது சொர்க்கம், இப்ப தான் பூவே வைக்கும், இந்த நேரத்துல போய் மூடினா வெயிலும் இல்லாம காத்தும் இல்லாம அழுகிடும். வைக்கோல் இருந்தா செடிக்கு அடியில பரப்பு, பழம் மண்ணுல படாது.

காட்பாடிலேர்ந்து: ஐப்பசி மழைக்கு அப்புறம் நடுக்குருத்து கருப்பா ஆகுது சார்.

பதில்: நம்ம ஊர்ல குளிர விட மழை தான் எமன். குருத்து மண்ணுக்குள்ள புதைஞ்சிருக்கும், பாருங்க. குருத்து மண் மட்டத்துக்கு மேல தெரியணும், வேர் மட்டும் உள்ள. பையில ஓட்டை அடைச்சிருந்தா குத்தி விடுங்க, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) நிறைய போட்டிருந்தா தண்ணி தேங்கும், கொஞ்சம் மணல் கலந்து மாத்தி நடுங்க. அழுகுன செடிய பக்கத்து செடி கிட்ட வைக்காம தூக்கிப் போடுங்க, பாவம் பாக்காதீங்க.

குடியாத்தத்துலேர்ந்து: பொண்ணு டொரான்டோல இருக்கா, பால்கனி தொட்டில வச்சிருக்கா. அவளுக்கு?

பதில்: அவளுக்கு வைக்கோல் மட்டும் பத்தாதுங்க, தொட்டில வேருக்கு நாலு பக்கமும் குளிர் அடிக்கும். செடி வாடி ஓய்வுக்குப் போனதும் ஹீட்டர் இல்லாத கராஜ் மாதிரி இடத்துல வைக்கச் சொல்லுங்க, மண்ணு காஞ்சா மட்டும் கொஞ்சூண்டு தண்ணி. வீட்டுக்குள்ள சூடான ஹால்ல வச்சா ஓய்வே கிடைக்காது. தரையில நட்டிருந்தா மூணு நாலு இஞ்ச் வைக்கோல், அதுவும் நல்லா குளிர் வந்தப்புறம் தான்.

ஏலகிரிலேர்ந்து: எங்க மலையில?

பதில்: உங்களுக்கும் மூட வேணாம். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல, அங்க ஜனவரில புல்லு மேல உறைபனி விழும், நீங்க அதுல பாதி தான். காலையில ஈரம் பழத்துல நின்னு பூஞ்சை புடிக்கும், செடிக்கு இடைவெளி விடுங்க.

ஆம்பூர்லேர்ந்து: அடுத்த வருஷமும் வருமா அண்ணா?

பதில்: கத்திரி வெயில் 40ஐ தாண்டும்பா, பெருசா நம்பாத. மார்ச்சுக்கு அப்புறம் ரன்னர்ல, அதாவது செடிலேர்ந்து படர்ந்து போற கொடில, வர்ற குட்டிச் செடிய எடுத்து மதிய வெயில் படாத கிழக்குப் பக்கமா வச்சுப் பாரு, பொழைச்சா லாபம். இல்லன்னா அக்டோபர்ல புது நாத்து வாங்கு.